கோதுமைக் கப்பலின் சாப்பாட்டு மேஜை

பிப்ரவரி 23, 2022, புதன்
மிக்கலாயிவ் துறைமுகம், உக்ரைன்

கப்பலுக்குச் சாமான் போடும் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி இத்தனை நாள் சும்மா கிடந்தது. இன்று எழுதக் காரணம் இருக்கிறது. இன்று நான் சுட்ட மீனுக்கு ஆபீஸர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஊரில் இருக்கும் என் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னால் நம்பாமல், "யாரு வீட்டு மீன், யாரு சமைச்சது?" என்பாள். எழுத்தில் இருக்கட்டும்.

ரஷ்யாக்காரர்களுக்கு இன்று விசேஷம். சோவியத் காலத்திலிருந்தே இது படைவீரர் தினம். பட்டாளத்துக்குப் போனவன், போகாதவன் என்றில்லாமல் எல்லா ஆம்பிளைகளுக்கும் வாழ்த்துச் சொல்வார்களாம். எங்கள் சீஃப் இஞ்சினியர் கெனாதி அர்க்காதியெவிச் ரஷ்யர், நவரசீஸ்க் துறைமுகத்துக்காரர். அவர் செலவில் மேஜை நிறைந்தது. செகண்ட் இஞ்சினியர் போக்தான் இந்த மிக்கலாயிவ் ஊர்ப் பிள்ளை. கேடட்டாக ஏறிய நாளிலிருந்து சீஃப் கையில் வேலை பழகியவன், சீஃப் எந்தக் கப்பலுக்குப் போனாலும் அங்கேயே வந்து சேருவான்.

"எங்க நாட்டுல இந்த நாளை விட்டுட்டோம்" என்றான் போக்தான், கிளாசைத் தூக்கிக்கொண்டு. "நான் சீஃபுக்காகக் குடிக்கிறேன்."

சீஃப் தன் மகன் அல்யோஷாவுக்காகக் குடித்தார். பையன் பட்டாளத்தில் இருக்கிறான். எல்லைப் பக்கம் பயிற்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். "பயிற்சி முடிஞ்சிருச்சுன்னு டிவியில சொல்லிட்டாங்க. வந்துருவான்" என்றார்.

(மேஜையில் இவர்கள் பேசுவது கப்பல் இங்கிலீஷ். அதை அப்படியே எழுதினால் என் பேனாவுக்கு வாய் கோணிவிடும். தமிழிலேயே எழுதுகிறேன்.)

நானும் சும்மா இருந்திருக்கலாம். என் மச்சான் பெயர் ஸ்டாலின், எங்கள் தூத்துக்குடிப் பக்கம் துறைமுகத்துத் தொழிற்சங்கத்துக்காரர்கள் வீட்டில் லெனினும் ஸ்டாலினும் சாதாரணம், ஞானஸ்நானப் பெயர் சவேரியாராகவே இருந்தாலும் கூப்பிடுவது ஸ்டாலின்தான் என்று பெருமையாகச் சொன்னேன். சீஃபுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

போக்தான் சிரிக்கவில்லை. "எங்க தாத்தாவோட பிறந்தவங்க ஆறு பேர். அந்த ஆள் காலத்துப் பஞ்சத்துல தாத்தா மட்டும்தான் மிஞ்சினார். கோதுமை விளையிற ஊர்ல, கஸ்பார். விளைஞ்சதை எல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க."

சீஃப் அவன் கிளாசை நிரப்பினார். "எங்க வீட்லயும் ஒருத்தரை ராத்திரி வந்து கூட்டிட்டுப் போனாங்க. அவர் திரும்பி வரல" என்றார். இருவரும் கிளாசை இடிக்காமல் குடித்தார்கள். செத்தவர்களுக்காகக் குடித்தால் இடிக்கக்கூடாது என்பது இவர்கள் வழக்கம்.

மச்சானை இனிமேல் சவேரியார் என்றே சொல்லப்போகிறேன்.

பிப்ரவரி 24, வியாழன்

விடியலில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பாத்திரங்கள் எல்லாம் ஒருசேர ஆடின. கோதுமை ஏற்றும் குழாய் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் மொகுதூம் கதவில் வந்து நின்றார். காயல்பட்டினத்துக்காரர், வாய் ஓயாதவர். இன்று ஒரே வரியில், "வே கஸ்பாரு, சண்டை வந்துட்டு வே" என்றார்.

துறைமுகத்தை மூடிவிட்டார்கள். எகிப்துக்குப் போகவேண்டிய கோதுமை கப்பலின் வயிறு நிறைய இருக்கிறது. வெளியே கடலில் கண்ணிவெடி போட்டிருக்கிறார்களாம். நாங்கள் எங்கும் போகமுடியாது.

ரொட்டி நன்றாக உப்பி வந்தது. ஆண்டவருக்கு நன்றி.

பிப்ரவரி 26, சனி

சீஃப் சாப்பிட வருவதில்லை. தட்டை அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். போன் கையிலேயே இருக்கிறது. அல்யோஷாவின் எண்ணை அழுத்துவதும் வைப்பதுமாக இருப்பதை, அறையில் தட்டு வைக்கப் போனபோது பார்த்தேன்.

ஆபீஸர் மேஜையில் சீஃப் நாற்காலியில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், எந்தக் கப்பலிலும் அதுதான் முறை. அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில்தான் போக்தான் இடம். மத்தியானம் நான் வழக்கம்போல அங்கேயும் தட்டும் கரண்டியும் வைத்தேன்.

"அந்தத் தட்டை எடு" என்றான் போக்தான்.

நான் எடுக்கவில்லை. மேஜையில் எத்தனை தட்டு வைப்பது என்று சமையல்காரன் கேப்டனிடம்தான் உத்தரவு கேட்கவேண்டும். கேப்டன் தேஷ்முக் தன் பருப்பைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

இஞ்சின் அறையில் மட்டும் இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள், ஜெனரேட்டர் ஓடவேண்டுமே. ரஷ்ய மொழியில் வாய் ஓயாமல் பேசிக்கொள்கிறவர்கள் இப்போது இங்கிலீஷில், "வால்வைத் திற", "மூடு" என்று மட்டும் பேசுகிறார்களாம். மொகுதூம் சொன்னார்.

பிப்ரவரி 28, திங்கள்

உருளைக்கிழங்கு முளைவிடுகிறது. முளையைக் கிள்ளிவிட்டு மேலே இருந்ததைக் கீழே மாற்றினேன். ஜெசிந்தா போன் செய்தாள். இங்கே ஒன்றும் சத்தம் இல்லை என்றேன். "அப்ப பின்னாடி என்ன சத்தம்?" என்றாள். மிக்ஸி என்றேன்.

மார்ச் 2, சாம்பல் புதன்

சாம்பல் பூசச் சாமியார் இல்லை, எரிக்கக் குருத்தோலை இல்லை. காகிதத்தை எரித்து நானே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். மொகுதூம் பார்த்துவிட்டு, "எனக்கும் சேத்து வேண்டிக்கிடும் வே, இப்ப எந்த வாசல் திறந்திருந்தாலும் சரி" என்றார்.

போக்தானின் அண்ணன் அந்த்ரி கப்பல் ஏணிக்குக் கீழே வந்தார். இந்த ஊரில் டிராம் ஓட்டுபவர். போன மாதமும் வந்து, அம்மா ஊறவைத்த தக்காளி என்று எனக்கு ஒரு ஜாடி தந்தார். இன்று தோளில் துப்பாக்கி தொங்கியது. ஊர்க்காவல் படையில் சேர்ந்துவிட்டாராம். இந்த அமளியிலும் இன்னொரு ஜாடி கொண்டுவந்திருந்தார். "குக், உன் ஆட்கள் பச்சைக்காய் இல்லாம கஷ்டப்படுவாங்க" என்றார். சூடாக இருந்த ரொட்டி எல்லாவற்றையும் துணியில் கட்டிக் கொடுத்தேன். இப்படியும் மனுஷர் இருக்கிறாரே என்று இன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊரான கெர்சோனை ரஷ்யப் படை பிடித்துவிட்டது. அடுத்தது இந்த ஊர்தான் என்கிறார்கள்.

மார்ச் 5, சனி

இன்று நான் செய்ததை எழுதவேண்டும். மறைத்து என்ன ஆகப்போகிறது.

காலையில் சீஃப் அடுப்பறைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு குவளை கோதுமை, ஏற்றும்போது டெக்கில் சிந்தியதைப் பொறுக்கிக் கழுவியிருந்தார். இன்னொரு கையில் தேன் பாட்டில்.

"இதை முழுசா வேகவை. தேன், உலர்ந்த திராட்சை. வேற எதுவும் வேண்டாம். போக்தான் முன்னாடி வை" என்றார். போய்விட்டார்.

எனக்கு மனசு நிறைந்துபோனது. பத்து நாள் கோபம் தீர்ந்தது, பெரியவர் இறங்கி வந்துவிட்டார், இனிப்புக் கொடுத்து ராசியாகிறார் என்று முடிவு கட்டினேன். அப்படி ஒரு நல்ல காரியத்துக்கு வெறும் தேனும் திராட்சையுமா? கையில் இருந்த கடைசி நெய்யை ஊற்றினேன். முந்திரி வறுத்தேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன். கோதுமையில் இவ்வளவு நல்ல சர்க்கரைப் பொங்கலை யாரும் கிண்டியிருக்கமாட்டார்கள். கேப்டன் விருந்துக்கு மட்டும் எடுக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே முந்திரியால் பூ வைத்து, சாப்பாட்டு மணியை அடித்துக்கொண்டே கொண்டுபோனேன். "சீஃப் கொடுத்துவிட்டார்! நல்ல சேதி!" என்று வேறு கத்தினேன்.

போக்தான் கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு கோதுமை மணியை விரலால் எடுத்துப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"குத்யா" என்றான்.

மேஜையில் இருந்த, கேப்டனுக்கு அடுத்த போலந்துக்கார ஆபீஸர்தான் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். அது துக்க வீட்டில் செய்வது. ரஷ்யர், உக்ரைன்காரர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். செத்தவர் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு கரண்டி சாப்பிடுவார்கள். நேற்று விமான நிலையத்துப் பக்கம் நடந்த சண்டையில் அந்த்ரி செத்துப்போனார். இஞ்சின் அறையில் நிற்கும்போதுதான் போக்தானுக்குப் போன் வந்தது. பக்கத்தில் சீஃப் மட்டும் இருந்தார். போக்தான் கேப்டனிடமும் இவரிடமும் மட்டும் சொல்லிவிட்டு, வேறு யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டானாம்.

நான் அதற்கு மணி அடித்துப் பூ வைத்திருக்கிறேன்.

திரும்பி உள்ளே போய், "என்னை மன்னிச்சிரு தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். வேறு மொழி வரவில்லை. அவன் என் தோளைத் தொட்டான். பிறகு கிண்ணத்தையும் இரண்டு கரண்டியையும் எடுத்துக்கொண்டு மாடியேறி சீஃப் அறைக்குப் போனான்.

வெகு நேரம் கழித்து நான் கிண்ணம் எடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. இருவரும் கட்டில் ஓரத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு கிளாஸ் வோட்கா, அதன் மேல் ஒரு ரொட்டித் துண்டு. அது அந்த்ரியின் பங்கு என்று கேட்காமலே புரிந்தது. கிண்ணம் காலி.

"முந்திரியை எல்லாம் சீஃப் தின்னுட்டார்" என்றான் போக்தான். கண் வீங்கியிருந்தது.

"அம்மா செஞ்சா இதுல முந்திரி இருக்காது. அந்த்ரிக்கு இது பிடிச்சிருக்கும்" என்றான் மறுபடியும்.

நான் மணி அடித்ததை மன்னித்த பிள்ளை. எங்கே போய் நன்றி சொல்வேன்.

மார்ச் 6, ஞாயிறு

சீஃப் சாப்பிட வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். போக்தான் உப்பை அவர் பக்கம் நகர்த்தினான். சோறும் சாம்பாரும். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கினார்கள்.

அல்யோஷாவிடமிருந்து சேதி இல்லை.

மார்ச் 7, திங்கள்

ஊர்க்காவல் படைத் துப்பாக்கிக்காரர்கள் கப்பலுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கொடுத்தேன், குடித்தார்கள். ஆள் பெயர் பார்த்தபோது சீஃப் பெயரில் நின்றுவிட்டார்கள். அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை பஸ் வருகிறது. நம் தூதரகம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறது. ஒடேசா வழியாக மால்டோவா எல்லைக்குப் போகவேண்டும். எல்லாரும் ஏறலாம், ரஷ்யர் மட்டும் கூடாது. அவர் கப்பலிலேயே இருக்கவேண்டும், விசாரணை நடக்கும். விசாரணை எப்போது, யார் செய்வார்கள், அதுவரை இந்தக் கப்பல் இருக்குமா, யாருக்கும் தெரியாது. நேற்று ராத்திரி பக்கத்துத் துறைமேடையில் நின்ற கப்பலின் மேல்தளத்தில் குண்டு விழுந்தது. (ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.)

"என் சீஃபை விட்டுட்டு நான் எப்படி இறங்குறது?" என்றார் கேப்டன்.

"இறங்குங்க. ஜெனரேட்டருக்கு ஒரு ஆள் வேணும். நான் பாத்துக்கிறேன்" என்றார் சீஃப். நாளைக்கு மழை வரலாம் என்று சொல்வதுபோல இருந்தது.

மொகுதூம் என்னிடம் வந்து, "அவரு நாட்டுக் குண்டே அவரு தலைல விழப்போவுது. இல்லன்னா இவங்க கூட்டிட்டுப் போயி என்ன செய்வாங்களோ. மனுசன் ஒரு எறும்பை மிதிச்சிருக்க மாட்டாரு வே" என்றார். நான் சீஃப் தனியாக இருந்தால் எத்தனை நாளைக்குச் சாப்பாடு வரும் என்று குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிறகு மூடிவிட்டேன்.

போக்தான் இஞ்சின் அறைக்கு இறங்கிப் போனான்.

மார்ச் 8, செவ்வாய்

மகளிர் தினம். இவர்கள் ஊரில் இன்று பெண்களுக்குப் பூக் கொடுக்காத ஆம்பிளை மனுஷனே இல்லையாம். கப்பலில் பெண்கள் இல்லை. சீஃப் என் போனை வாங்கி ஜெசிந்தாவைக் கூப்பிடச் சொன்னார். திரையில் அவள் முகம் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். கப்பலில் இருக்கும் எல்லார் சார்பிலும், கரையில் காத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து உங்களுக்கு வாழ்த்து என்று நீளமாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

ஜெசிந்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அவரு வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேளுங்க" என்றாள்.

"மனைவி. ஒரு மகன்" என்றார் சீஃப்.

"மகன் என்ன செய்றான்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

போக்தான் காலையிலேயே இறங்கிப் போனவன் மாலையில் வந்தான். சீஃபின் பாஸ்போர்ட் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"சீஃபும் வர்றார். எல்லை வரைக்கும் நானும் வருவேன்" என்றான். அறுபது வயதுக்குட்பட்ட ஆம்பிளைகள் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று இங்கே உத்தரவு. அவனால் எல்லை தாண்டமுடியாது.

"எப்படிக் கொடுத்தாங்க?" என்றேன்.

"அங்க இருக்கிறவங்க அண்ணனோட நின்னவங்க. அண்ணன் பேரைச் சொன்னேன். இந்த மனுஷனுக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன்."

அவன் போன பிறகு கேப்டன் மீதியைச் சொன்னார். அந்த்ரி இருந்த படையிலேயே போக்தானும் இன்று பெயர் கொடுத்துவிட்டான். எங்களை எல்லையில் விட்டுவிட்டு நேராக அங்கேதான் போகிறான். கப்பலைத் துறைமுகக் காவலிடம் ஒப்படைத்து, ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம்.

நான் வழிக்கு ரொட்டி சுட்டேன். முட்டை அவித்தேன். மாவு பிசையும்போது உப்புப் போட்டேனா என்று மறந்துபோய், இரண்டு தடவை ருசி பார்த்தேன்.

மார்ச் 10, வியாழன்
மால்டோவாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வகுப்பறையில் மெத்தை போட்டிருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெண்கள் யாரும் கேட்காமலே பீட்ரூட் சூப் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக நான் மற்றவர்களுக்குத் தட்டு வைத்தவன். இன்று ஒரு அம்மாள் என் கையில் கரண்டியைக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டுப் போனார். சூப்பில் என்ன போட்டிருந்தது என்று கேட்டுவைக்கக்கூட மறந்துவிட்டேன்.

நேற்றைய பயணத்தை எழுதுகிறேன். வழி முழுக்க மணல் மூட்டையும் இரும்புத் தடுப்பும். ஒவ்வொரு தடுப்பிலும் பஸ் நிற்கும், போக்தான் இறங்குவான், பேசுவான், சீஃபின் பாஸ்போர்ட்டைக் காட்டுவான். அவர்கள் ஜன்னல் வழியாகச் சீஃபைப் பார்ப்பார்கள். சீஃப் தலையைக் குனியவும் இல்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. ஓரிடத்தில் ஒருவன் துப்பாக்கியால் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டிச் சீஃபை இறங்கச் சொன்னான். போக்தான் வாசற்படியில் கையை நீட்டி மறித்துக்கொண்டான். இருவரும் கத்தினார்கள். கடைசியில் அந்த ஆள் போக்தானைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் வீட்டிலும் யாரோ போயிருக்கவேண்டும்.

எல்லையில் ஒரு பெண் அதிகாரி. சீஃபின் பாஸ்போர்ட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். போக்தானிடம் நிறையக் கேட்டாள். முத்திரை குத்திவிட்டு அதைச் சீஃபிடம் நீட்டவில்லை, போக்தான் கையில் வைத்தாள். அவன் சீஃபிடம் கொடுத்தான்.

அவ்வளவுதான், சீஃப் பிழைத்துவிட்டார். மொகுதூம் வாய்விட்டே அழுதார். நான் இரண்டு கையையும் கூப்பினேன், ஆண்டவருக்கா போக்தானுக்கா என்று எனக்கே தெரியாது. போக்தானைக் கட்டிக்கொண்டு, "உங்க அம்மாவுக்கு நாங்க எல்லாரும் கடன்பட்டிருக்கோம்" என்றேன். இருந்த ரொட்டியை அவன் பையில் திணித்தேன்.

மற்றவர்கள் தடுப்பைத் தாண்டிப் போனார்கள். சீஃப் நகரவில்லை. நான் அவர் பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவரும் போக்தானும் இங்கிலீஷில்தான் பேசினார்கள், அதனால் எனக்குப் புரிந்தது.

"அல்யோஷா பேசினானா?" என்றான் போக்தான்.

"இல்ல."

"எங்க இருக்கான்னு தெரியுமா?"

"தெரியாது. போன வாரம் அவன் கூட இருந்த பையனோட அம்மா என் மனைவியைக் கூப்பிட்டிருக்காங்க. தெற்குப் பக்கம் கொண்டுபோனாங்கன்னு சொன்னாங்களாம்."

தெற்குப் பக்கம் என்றால் நாங்கள் விட்டு வந்த பக்கம்தான். கெர்சோனும் மிக்கலாயிவும் அங்கேதான் இருக்கின்றன. இவ்வளவு நாள் அவர் இதைத் தனியாக வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டிருக்கிறார்.

போக்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நான் சுடுவேன், சீஃப். அது என் ஊர்."

"தெரியும்."

"ஆனா கையைத் தூக்கிட்டு வர்றவன் எவனா இருந்தாலும் பேரைக் கேப்பேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் கேப்பேன்."

சீஃப் தொப்பியைக் கழற்றினார். வேலை கற்றுக்கொடுத்த பையன் முன்னால், அவனைவிட இரண்டு மடங்கு வயதானவர், இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். போக்தான் அவரைப் பிடித்து நிமிர்த்தினான். பிறகு, சண்டை தொடங்கியதிலிருந்து அவரிடம் பேசாத ரஷ்ய மொழியில், மெதுவாக ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. சீஃபிடம் கேட்கவும் போவதில்லை.

அவன் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனான். எங்களை இறக்கிய காலி பஸ்.

சீஃப் இப்போது ஜன்னலோரத்தில் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சூப் ஆறிவிட்டது. சூடாக்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன். நன்றி சொல்லவேண்டியவர்கள் பெயரைச் சொல்லி முடிக்கவே நேரமானது. அந்த்ரி, கேப்டன், அந்த எல்லைப் பெண், பெயர் தெரியாத சூப்பு அம்மாள். கடைசியில் இரண்டு பெயரைச் சேர்த்தே சொன்னேன், போக்தான், அல்யோஷா. ஆண்டவரே, இவர்கள் ஒருவர் முன் ஒருவர் வராமலே போகட்டும். வந்துதான் ஆகவேண்டும் என்றால், பெயர் கேட்க நேரம் இருக்கட்டும்.